ஏழாம் கம்பில் விட்டுப்போன எண்ணிக்கை

படகுப் போட்டிக்கு ஆற்றோரப் பாறைகளில் நடுவர்களாக உட்காரப்போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு நான்கு கடிதம் வந்துவிட்டது. நான்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். விஷயத்துக்கு வருமுன் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரப்பர் செருப்போடு பாறையில் ஏறாதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கவிழ்ந்தவர்களை மீட்கக் கயிறு வீசுகிறவர்கள் இரண்டு பேர் என்று காகிதத்தில் இருந்தால் போதாது. போட்டி தொடங்குமுன் தலையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் வந்தபிறகு மறுபடியும் எண்ணுங்கள்.

கயாக் ஸ்லாலம் என்கிற உங்கள் சிறுபடகுப் போட்டியை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் ஜோடி ஜோடியாகக் கம்புகள் தொங்கின. பதினெட்டு ஜோடி. பச்சைக் கம்புகளுக்கு நடுவே நீரோட்டத்தோடு இறங்க வேண்டும். சிவப்புக் கம்புகளுக்கு நடுவே நீரை எதிர்த்து ஏற வேண்டும். கம்பைத் தொட்டால் நேரத்தோடு தண்டனை சேரும். நேரத்தை ஒரு பெட்டி தானாகவே எடுத்து, ஒரு நொடியை நூறாகப் பிரித்துக் காட்டியது. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஆற்றில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்தவன் நான்.

நாடு விடுதலை பெற்ற சில வருஷங்களில், இந்தப் பகுதி திருவிதாங்கூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தபோது, திற்பரப்பு அருவிக்குக் கீழே ஒரு மூங்கில் கிடங்கில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மலையிலிருந்து வெட்டி வரும் மூங்கிலைக் கட்டுக் கட்டாக எண்ணி எழுதுவது வேலை. அவற்றைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் கொண்டுபோவார்கள். முதல் தெப்பம் போகும் வழியில்தான் பின்னால் வரும் எல்லாத் தெப்பங்களும் போகும். அது பாறையில் மோதினால் பின்னால் வருவதும் மோதும். ஆகவே முதல் தெப்பத்துக்கு நல்ல ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஆவணியில் ஒரு போட்டி வைப்பார்கள். ஒரு வள்ளத்தில், அதாவது சின்னப் படகில், ஒரே ஆள். ஆற்றில் எங்கெல்லாம் தெப்பம் உடைந்திருக்கிறதோ அங்கெல்லாம் பாறை இடுக்கில் ஒரு ஜோடிக் கமுகுக் கம்பு நட்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பதினோரு ஜோடி. அடுத்த வருஷம் பன்னிரண்டு. அதற்கடுத்த வருஷம் பதின்மூன்று. ஏன் கூடியது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கம்புகளில் ஈரச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். வள்ளங்களுக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை எண்ணெய், தேய்த்துக் கறுப்பாக்கியிருப்பார்கள். கம்பைத் தொட்டால் வள்ளத்திலோ துடுப்பிலோ தோளிலோ வெள்ளை ஒட்டிக்கொள்ளும். கீழே வந்ததும் எண்ணிப் பார்ப்போம். ஒரு வெள்ளைக்குப் பத்து எண்ணிக்கை தண்டனை. யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. யார் கம்பைத் தொட்டார் என்று பார்க்க நீங்கள் எடுக்கும் வீடியோவைவிட இது நல்ல ஏற்பாடு என்று இன்றும் சொல்வேன்.

வில்லங்கம் நேரம் எடுப்பதில்தான் இருந்தது. கிடங்கு மேலாளரிடம் ஒரு பைக்கடிகாரம் உண்டு. அதற்கு நொடிமுள் கிடையாது. ஆகவே மேலே தகர டின்னில் ஒரு தட்டுத் தட்டி வள்ளத்தை விடுவார்கள், கீழே நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவேன். பத்துக்கு ஒரு புளியங்கொட்டையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவேன். வள்ளம் கடைசிக் கம்பைத் தாண்டியதும் கீழே ஒரு தட்டு. அப்போது என் வாயில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் அவருடைய நேரம். இதற்காக எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில் சுவர்க் கடிகாரத்தின் கீழே ஒரு மாதம் நின்று பழகினேன். அதில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நொடிமுள் தனியாகச் சுற்றும். நான் அறுபது எண்ணினால் முள் ஒரு சுற்று முடித்திருக்கும். ஒன்று கூடாது, குறையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போட்டியில் எப்போதும் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர். ஒருவர் செல்லத்துரை. நிதானமான மனிதர், பாறைகளைவிட்டு அகலமாக விலகி வருவார். இன்னொருவர் தங்கையன் அண்ணன். அவர் பாறையை உரசிக்கொண்டு வருவார். ஏழாம் கம்பு உங்கள் சிவப்புக் கம்பு மாதிரி. ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து ஏறி, அந்தக் கம்புகளுக்கு நடுவே புக வேண்டும். செல்லத்துரை அதற்கு ஒரு பெரிய வட்டம் போடுவார். தங்கையன் அண்ணன் வள்ளத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, விளிம்பில் தண்ணீர் ஏறுகிற அளவுக்குச் சாய்த்து, அரை வட்டத்தில் புகுந்துவிடுவார்.

எனக்கு அவர்மேல் மிகுந்த பிரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வழுக்கி ஆற்றில் விழுந்தேன். என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, "ஓய் கணக்கப்பிள்ளே, மூங்கில எண்ணச் சொன்னா மீன எண்ணப் போனேரா?" என்று கேட்டவர் அவர். மதியத்தில் அவர் மனைவி ரோசம்மா அக்கா கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில், எனக்கும் பங்கு வைப்பார்.

முதல் வருஷம் அவர் தோற்றார். இரண்டாவது வருஷமும் தோற்றார். அந்த இரண்டாவது வருஷக் கணக்கு எனக்கு மனப்பாடம். செல்லத்துரை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. தங்கையன் அண்ணன் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இருவர்மேலும் வெள்ளை இல்லை. முதல் தெப்பம் கிடைத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஊரிலேயே வேலை. கிடைக்காவிட்டால் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு எட்டு மாதம் போக வேண்டும். முந்தின வருஷம் போய்க் குளிர்க்காய்ச்சலோடு திரும்பியிருந்தார். மறுபடியும் போனார்.

அவர் போன மறுநாள் ரோசம்மா அக்கா கிடங்குக்கு வந்தார். பனையோலைப் பெட்டி முடைவது அவர் தொழில். ஆற்றங்கரையில் உட்கார்ந்து போட்டி பார்க்கும்போதும் கை ஓயாது.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா? செல்லத்தொரைக்க வள்ளம் எறங்கி வந்தப்போ நான் இருபத்திரண்டு ஓலை மடக்கினேன். எங்க ஆளு வந்தப்போ இருபதுதான் மடக்கினேன். நீரு எப்படி எங்களுக்குக் கூடுதலா எழுதினேரு?"

"அக்கா, கட்டினவரு வரும்போ கை நடுங்கியிருக்கும். அதாக்கும் ரெண்டு கொறஞ்சது."

"எனக்கக் கையா நடுங்கும்? அவரு முங்கினா நான் போய் எடுத்துட்டு வருவேன் ஓய். நடுங்கினது ஆருன்னு வீட்டில போய் யோசிச்சுப் பாரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே கடிகாரத்தின் கீழே போய் நின்றேன். அறுபது எண்ணினேன். முள் சரியாக ஒரு சுற்று. அக்காவுக்கு என்ன தெரியும் என்று திரும்பியவன், வாசல்வரை போய்விட்டு மறுபடி வந்தேன். இந்தமுறை தங்கையன் அண்ணன் ஏழாம் கம்பில் வள்ளத்தைச் சாய்ப்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணினேன். அறுபது முடித்து நிமிர்ந்தபோது முள் ஐம்பத்து மூன்றில் நின்றது. இன்னும் நான்கு முறை எண்ணினேன். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்து மூன்று.

பிள்ளைகளே, நடந்தது இதுதான். செல்லத்துரை வரும்போது எனக்குப் பயமில்லை, ஒழுங்காக எண்ணினேன். தங்கையன் அண்ணன் வரும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது, எண்ணிக்கையும் அதோடு ஓடியது. அவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாரோ அவ்வளவு வேகமாக நான் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிய ஓட்டத்தைக் கடிகாரத்தின்படி திருத்தினேன். நூற்று எழுபத்தாறு வந்தது. ஆற்றில் அவரை வெல்ல ஆளில்லை. இரண்டு வருஷமும் தோற்கடித்தது என் வாய்.

மறுநாள் போய் ரோசம்மா அக்காவிடம் சொன்னேன். அக்கா ஓலையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்போ அவருக்கமேல உள்ள பிரியத்திலயாக்கும் நீரு அவர ரெண்டு மட்டம் மலைக்கு அனுப்பினது? நல்ல பிரியம் ஓய். இனி எங்கள வெறுத்துத் தொலையும்."

மேலாளரிடம் நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அந்தக் கோழைத்தனத்தையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை கணக்கில் சேராது.

மூன்றாவது வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணுவேன், யார் எப்போது வருகிறார் என்று என்னிடம் சொல்லக்கூடாது என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். கண் கூசுகிறது என்று காரணம் சொன்னேன். தென்னந்தோப்பைப் பார்த்து உட்கார்ந்தேன். கரையில் சிரிப்பு.

"ஏலே, கணக்கப்பிள்ளையப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி திரும்பி இருக்கான்!"

"மக்கா, ஆத்துக்கும் அவனுக்கும் சண்டையாக்கும்!"

நான் கவலைப்படவில்லை. ஐந்து வள்ளங்கள் வந்துபோயின. என் எண்ணிக்கை சுவர்க் கடிகாரம் மாதிரிப் போயிற்று. நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று ஒன்று வந்தபோது கரையிலிருந்த பேச்சிலிருந்து அது செல்லத்துரை என்று புரிந்தது. மிச்சமிருந்தது ஒருவர்தான். யார் என்று சொல்லாவிட்டாலும் எனக்கு எண்ணத் தெரியுமே.

மேலே டின் தட்டினார்கள். ஒன்று, இரண்டு. மலைப்பக்கம் கறுத்திருந்தது. தென்னைகளை எண்ணாமல் இருக்கப் பாடுபட்டேன். எண்பது. தொண்ணூறு. ஒன்பதாவது புளியங்கொட்டை வலது கைக்கு வந்தது. தொண்ணூற்றாறு என்றபோது பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"பாறைக்கு அந்தப் பக்கம் போச்சு! வெளிய வரல்ல! வள்ளம் வெளிய வரல்ல!"

"கயித்தப் போடு! லேய், கயித்தப் போடுலே!"

அதற்கு மேலாக ரோசம்மா அக்காவின் குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல்.

நான் திரும்பவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூச்சல் ஆரவாரமாக மாறியது. "வந்தாச்சு! வந்தாச்சு!" அப்போது என் வாய் "நூற்று மூன்று" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். நூற்று நான்கு, நூற்று ஐந்து என்று தொடர்ந்தேன். கீழே டின் தட்டியபோது நூற்று எண்பத்தொன்று.

திரும்பினேன். தங்கையன் அண்ணன் வள்ளத்தை மணலில் இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்தது. ஏழாம் கம்புப் பாறைக்குப் பின்னால் வள்ளம் இடுக்கில் மாட்டிக்கொண்டதாம். பாறையைக் காலால் உதைத்து விடுவித்துக்கொண்டு வந்திருக்கிறார். மேலாளர் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை இல்லை.

"எத்தன எண்ணம் ஓய்?" என்றார் மேலாளர்.

நூற்று எண்பத்தொன்று என்று சொன்னால் முடிந்தது. பதின்மூன்று எண்ணிக்கையில் வெற்றி. நான் முணுமுணுத்தது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டு வருஷம் நான் பிடுங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்ததாகவும் ஆகும். ரோசம்மா அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இடுக்கில் மாட்டி, உதைத்து வெளியே வந்த வள்ளம் எப்படிப் பதின்மூன்று முந்தும்? தொண்ணூற்றாறுக்கும் நூற்று மூன்றுக்கும் நடுவில் நான் எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்? பத்து நொடியா, இருபதா? முன்பு பயத்தில் ஓடிய எண்ணிக்கை இந்தமுறை பயத்தில் நின்றுவிட்டிருந்தது.

"எண்ணம் விட்டுப் போச்சு சார்" என்றேன்.

"என்னது?"

"நடுவில விட்டுப் போச்சு. எனக்குத் தெரியாது."

கரை முழுவதும் ஒரே சத்தம். மேலாளர் முகம் சிவந்துவிட்டது. "மழை வருது. நாளைக்குத் தெப்பம் விடணும். ஏதாவது ஒரு எண்ணத்தச் சொல்லும் ஓய்!"

"சொன்னா அது பொய்யாக்கும் சார்."

"எண்ணத் தெரியாத ஒருத்தனையா நான் கணக்கப்பிள்ளையா வச்சிருக்கேன்?"

ரோசம்மா அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னார். "மூணாவது மட்டமும் பீருமேட்டுக்குப் பெட்டி கெட்டணும், இல்லியா?"

அந்த நிமிஷம் ஆற்றில் இறங்கி நடந்துவிடலாம் என்று இருந்தது. அப்போதுதான் மேலாளரிடம் இரண்டு வருஷக் கதையையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். கடிகாரம், ஐம்பத்து மூன்று, எல்லாம். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

தங்கையன் அண்ணன் முழங்கையை ஆற்றில் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"எதுக்கு ஓய் எண்ணம் விட்டேரு?"

"பயத்துல பேடிச்சுப் போச்சு அண்ணே."

"நானும்தான் பேடிச்சேன்" என்று சிரித்தார். பிறகு செல்லத்துரையைப் பார்த்து, "நான் இன்னொருக்கா எறங்கட்டா?" என்று கேட்டார்.

செல்லத்துரை ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. "எனக்க நூத்தித் தொண்ணூத்தி நாலு எங்கயும் ஓடிப் போவாது. போயிட்டு வாரும்" என்றார். அவர் மறுத்திருக்கலாம். அதற்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

"ஆனா ஒரு காரியம்" என்றார் தங்கையன் அண்ணன். "இந்த மனுஷன் தென்னயப் பாத்து இருக்கப்படாது. என்னப் பாத்து எண்ணணும்."

"வேண்டாம் அண்ணே. மறுபடியும் ஓடிரும்."

"ஓடாது. உமக்க நெஞ்சு இடிக்காம நான் கொண்டு வாறேன். நீரு எண்ணினா போதும்."

கயிற்றுக்காரர்களை எண்ணினேன். இரண்டு பேர். வள்ளத்தைத் துடைத்து மறுபடி எண்ணெய் தேய்த்தார்கள். பதின்மூன்று ஜோடிக்கும் புதிதாகச் சுண்ணாம்பு பூசினார்கள். நான் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். டின் சத்தம் கேட்டது.

அதுபோல ஓர் ஓட்டத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்துப் படியிறங்குகிறவர் மாதிரி வந்தார். துடுப்பு நீரில் போவதும் வருவதும் சத்தமில்லை. மூன்றாம் கம்பில் உரசவில்லை. ஐந்தாம் கம்பில் ஒரு கணம் காத்திருந்து, நீர் தானே வள்ளத்தின் மூக்கைத் திருப்பும்வரை பொறுத்து, பிறகு புகுந்தார். கரையில் ஒருவன் கத்தினான்: "அண்ணாச்சி, இது வள்ளமா, சவ ஊர்வலமா?" ஏழாம் கம்பில் செல்லத்துரையைவிடச் சற்றே சின்ன வட்டம். வள்ளம் சாயவில்லை. நான் பயப்படுவதற்காகக் காத்திருந்தேன். பயம் வரவில்லை. நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு. ஒவ்வோர் எண்ணும் அதனதன் இடத்தில் விழுந்தது.

கீழே டின் தட்டினார்கள். நூற்று எண்பத்தெட்டு.

செல்லத்துரையைவிட ஆறுதான் குறைவு. ஒரே ஒரு வெள்ளை இருந்தாலும் பத்துக் கூடித் தோற்றுவிடுவார். மேலாளர் வள்ளத்தின் இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்தார். துடுப்பைப் பார்த்தார். தோளைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். கடைசியில் தன் உள்ளங்கையை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். எண்ணெய்க் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

கூட்டம் கலைந்தபிறகு ரோசம்மா அக்கா என்னைத் தாண்டிப் போனார். நிற்காமல் சொன்னார்: "செல்லத்தொரைக்கு இருபத்திரண்டு. இதுக்கு இருபத்தொண்ணு. இப்பம் ஒத்து வருதா சாரே?"

வகுத்துப் பார்த்தேன். ஒத்து வந்தது.

உங்களுக்கு இப்போது நேரம் எடுக்கப் பெட்டி இருக்கிறது. அதற்கு நெஞ்சு கிடையாது. ஆனால் கம்பைத் தொட்டாரா இல்லையா என்று சொல்ல இன்னும் உங்களைத்தான் பாறையில் உட்கார வைக்கிறார்கள். யாரைப் பிடிக்காது என்பதை நினைத்து எல்லாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். யாரைப் பிடிக்கும் என்பதையும் நினைத்து எச்சரிக்கையாக இருங்கள். தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள். வேலை போகாது. என் வேலை போகவில்லை. மேலாளர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். முந்தின வருஷத்தில் அவருடைய உண்மையான நேரம் நூற்று எழுபத்தாறு. இன்று நூற்று எண்பத்தெட்டு. ஆற்றில் அவரை முந்த ஆளில்லாத மனிதர், நான் பதறாமல் எண்ணுவதற்காகப் பன்னிரண்டை விட்டுக்கொடுத்திருக்கிறார். தோற்றால் பீருமேடு என்று தெரிந்தே.

மறுநாள் காலையில் முதல் தெப்பத்தில் அவர் கழியோடு நின்றுகொண்டிருந்தார். நான் கரையோரமாக ஓடினேன்.

"அண்ணே, நேத்து வேணும்ணே பன்னிரண்டு எண்ணம் விட்டுக்குடுத்தேரா?"

அவர் கழியை ஊன்றித் தெப்பத்தை நீரோட்டத்துக்குள் தள்ளினார்.

"நான் பதினஞ்சுண்ணுல்லா நெனச்சேன்" என்றார். "நீரு எண்ணினா செரியாத்தான் இருக்கும்."